ஆர்எக்ஸ் 100-ஐ வீட்டிலேயே பழுது பார்த்து ஓட வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1989-இல் என் அப்பா வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100, அவர் காலமான பிறகு பதினோரு ஆண்டுகள் எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நின்றது. அதை நானே கழற்றிப் பழுது பார்த்து மறுபடி சாலைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து, உறவினர்களும் அலுவலக நண்பர்களும், பெட்ரோல் பங்கில் வண்டியைப் பார்த்ததும் அருகில் வந்து பேசுகிறவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி எழுதப்பட்டிருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

இது ஜப்பான் வண்டியா, இந்திய வண்டியா? இதை "வின்டேஜ்" என்று சொல்லலாமா?

வடிவமைப்பு முழுக்க யமஹாவுடையது. இந்தியாவில் அதை விற்றது எஸ்கார்ட்ஸ் நிறுவனம். 1985-இன் இறுதியில் அறிமுகமானபோது, முதல் தொகுதி வண்டிகள் ஜப்பானிலிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டி உருவாக்கப்பட்டவை. பிறகு பாகங்கள் படிப்படியாக உள்நாட்டிலேயே தயாராகின. இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாடு இறுகிய 1996-இல் உற்பத்தி நின்றது. 50 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டர், 50 மி.மீ. ஸ்ட்ரோக், 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவைச் சற்றே தாண்டிய எடை: இந்த வண்டியின் வேகத்துக்கான காரணம் இந்த எண்களிலேயே இருக்கிறது.

பேச்சு வழக்கில் வின்டேஜ் என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டு. 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதற்பதிவுக்குப் பின் ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வாகனங்களே வின்டேஜ் பதிவுக்குத் தகுதி பெறும். ஆர்எக்ஸ் 100-இல் மிக மூத்த வண்டிக்கும் அந்த வயது 2035-இல்தான் வரும். ஆகவே உங்கள் வண்டி, வயதான ஒரு சாதாரண வண்டியாகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நடத்தப்படும்.

பத்து வருஷமா நிக்குற வண்டி. முதல்ல ஒரு தடவை கிக் அடிச்சுப் பார்த்துடலாமா?

கூடாது. எல்லோருக்கும் முதலில் எழும் ஆசை இதுதான். பல எஞ்சின்கள் கெடுவதும் இதனால்தான். நின்ற வண்டியின் சிலிண்டர் சுவரில் எண்ணெய்ப் படலம் இருக்காது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க்கின் பேரிங்கிலும் துருப்புள்ளிகள் இருக்கலாம். அந்த நிலையில் ஓங்கி மிதித்தால் துரு, எமரித்தாள் போலச் சுவரைக் கீறிக்கொண்டு போகும்.

பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான 2டி ஆயிலை இரண்டு மூடி ஊற்றி, ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். சைலன்சரின் வாயையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். எங்கள் வண்டியின் சைலன்சர் குழாய்க்குள் குளவி மண்ணால் கூடு கட்டி விரற்கடை தூரம் அடைத்து வைத்திருந்தது. உலர்ந்த அந்த மண்ணைக் கம்பியால் குத்தி எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று.

ஆர்.சி. எப்பவோ முடிஞ்சு போச்சு. வேலையை முடிச்சிட்டு அப்புறம் பார்த்துக்கலாமா?

தயவுசெய்து தாள்களை முதலில் பாருங்கள். செலவழித்த பிறகு பதிவு கிடைக்காத வண்டி, வீட்டில் நிற்கும் காட்சிப் பொருளாகவே இருக்கும். இரு சக்கர வாகனப் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும்போது வண்டியை நேரில் காட்ட வேண்டும். பசுமை வரியும் செலுத்த வேண்டியிருக்கும். சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்பதைத் துணியில் டீசல் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். எமரித்தாளால் தேய்க்காதீர்கள், எண் மங்கினால் திருட்டு வண்டியோ என்ற சந்தேகம் எழும்.

வண்டி காலமான அப்பாவின் பெயரிலேயே இருந்தால், வாரிசு என்ற முறையில் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: அந்தக் காலத்தில் கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் என்றைக்கோ அடைந்திருந்தாலும் வண்டி கடனுக்கு ஈடு என்று ஆர்.சி.யில் எழுதிய ஹைப்பாதிகேஷன் பதிவு அப்படியே நிற்கும். அதை நீக்கக் கடன் கொடுத்தவரின் ஒப்புதல் வேண்டும். எனக்கு எஞ்சின் வேலையைவிட இந்த ஒரு கையெழுத்துக்குத்தான் அதிக நாள் பிடித்தது.

வீட்டு டூல் பாக்ஸ் போதுமா? ஸ்க்ரூ எல்லாம் தலை வழுக்கிட்டே போகுது.

ஸ்பானர் செட், பாக்ஸ் ஸ்பானர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச், கிராங்க் முனையிலுள்ள காந்தச் சக்கரத்தை (மேக்னெட்) இழுத்துக் கழற்றும் மேக்னெட் புல்லர் ஆகியவை வேண்டும். மேக்னெட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் காந்தம் தெறிக்கலாம், கிராங்க் கோணலாம். புல்லருக்குக் கொடுக்கும் பணம் அதைவிட மிகக் குறைவு.

ஸ்க்ரூ வழுக்குவதற்குக் காரணம் உங்கள் கை அல்ல. எஞ்சின் கவர்களில் உள்ள கூட்டல் குறி ஸ்க்ரூக்கள் ஜப்பானியத் தரமான ஜே.ஐ.எஸ். அளவில் வெட்டப்பட்டவை. நாம் கடையில் வாங்கும் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் பெரும்பாலும் பிலிப்ஸ் அளவுக்கானது. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும், பிலிப்ஸின் நுனி அந்தக் குழியின் அடிவரை இறங்காது, அழுத்தித் திருகும்போது மேலே ஏறி வந்து தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ். டிரைவர் ஒன்று வாங்குங்கள். இறுகியவற்றுக்கு, சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவரைப் பயன்படுத்துங்கள். அடிப்பதற்கு முந்தைய இரவே துருவை இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரே ஞாயித்துக்கிழமையில முழுசா கழட்டிடலாமா?

கழற்றிவிடலாம், பூட்டத்தான் முடியாது. ஒரு பகுதியைக் கழற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். வயரும் கேபிளும் எந்தப் பக்கமாக, எதற்கு அடியில் போகின்றன என்பதைத் தனியாக எடுங்கள். போல்ட்டுகளைப் பகுதி வாரியாகச் சின்ன டப்பாக்களில் பிரித்துப் பெயர் எழுதி வையுங்கள். கிளட்ச் கவர் ஸ்க்ரூக்களின் நீளம் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால், அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் துளையிட்டுச் செருகி வைப்பது சிறந்தது.

பழைய பாகம் எதையும், அதன் இடத்தில் புதியது பொருந்தி வண்டி ஓடும்வரை, தூக்கி எறியாதீர்கள். உடைந்த பாகம்கூடக் கடையில் காட்ட ஒரு மாதிரியாகப் பயன்படும். முப்பது ஆண்டு ஓடிய அசல் பாகம், இன்று புதிதாகக் கிடைக்கும் நகலைவிட நல்ல நிலையில் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அளந்து பார்த்து, தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

பிஸ்டன் அசையவே மாட்டேங்குது. எஞ்சின் சீஸ் ஆயிடுச்சா?

ஓடும்போது சூட்டில் பிடித்துக்கொள்வதும், நிற்கும்போது துருவில் ஒட்டிக்கொள்வதும் வேறு வேறு. நின்ற வண்டியில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடந்திருக்கும். இரண்டாம் பதிலில் சொன்னபடி எண்ணெய் ஊற்றி, இந்த முறை ஒரு வாரம் பொறுத்திருங்கள். அப்போதும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றி மேலிருந்து பாருங்கள். மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டலாம். இரும்பை வைத்து அடிக்கக் கூடாது. கிக்கரில் ஏறி நின்று குதிப்பதால் கிக் கியர்தான் உடையும்.

போர் போடணுமா, ரிங் மட்டும் மாத்தினா போதுமா?

போர் போடுவது என்றால் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து விட்டத்தைச் சற்றுப் பெரிதாக்குவது. அது வேண்டுமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. லேத் பட்டறையில் போர் கேஜால் சிலிண்டரின் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று மட்டங்களிலும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் மேனுவல் தரும் எல்லைக்குள் இருந்து, நகத்தில் தட்டும் கீறல் இல்லையென்றால் ரிங் போதும். தாண்டியிருந்தால் அடுத்த ஓவர் சைஸ் பிஸ்டனுக்குப் போர் போட வேண்டும். ஓவர் சைஸ் பிஸ்டன்கள் கால் மில்லிமீட்டர் படிகளில் கிடைக்கும். முதலில் பிஸ்டனை வாங்கி, அதைப் பட்டறையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்பத்தான் போர் போடச் சொல்ல வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி தலைமயிரின் தடிமன்கூட இல்லை, "50.25-க்குப் போட்டுட்டேன் சார்" என்ற வாய்வார்த்தை அதற்குப் போதாது.

போர் போட்ட பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. இரண்டு ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் ஜன்னல் போன்ற போர்ட்டுகள் இருக்கின்றன. போர் போட்டதும் அவற்றின் விளிம்புகள் கத்தி போலக் கூர்மையாகிவிடும். அந்த விளிம்புகளைச் சற்றே மழுக்கிச் சாம்பர் செய்யாவிட்டால், மேலும் கீழும் ஓடும் ரிங் அதில் மாட்டி உடையும். நான்கு ஸ்ட்ரோக் சிலிண்டரில் இந்த வேலை இல்லாததால், பழக்கமில்லாத பட்டறைகள் இதை விட்டுவிடுகின்றன. என் முதல் போர் அப்படித்தான் வந்தது. நானும் பார்க்காமல் பூட்டினேன். முந்நூறு கிலோமீட்டரில் ரிங் எக்ஸாஸ்ட் போர்ட்டில் மாட்டி, புதிய சுவரில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்தது. இப்போது பேரல் (சிலிண்டர்) கைக்கு வந்ததும் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துப் போர்ட்டின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் இழுத்துப் பார்க்கிறேன். ஓர் இழை மாட்டினாலும் பேரல் பட்டறைக்கே திரும்பும்.

பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் இருக்க வேண்டும். ரிங்கின் வாய், பள்ளத்திலுள்ள பின்னில் சரியாக உட்கார வேண்டும். பிஸ்டனை ராடோடு இணைக்கும் கட்ஜன் பின் நழுவாமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப்பை ஒரு முறை கழற்றினால் புதியதுதான் போட வேண்டும். அதைச் செருகும்போது கிராங்க்கேஸ் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள்; தெறித்து உள்ளே விழுந்த சர்க்ளிப்புக்காக எஞ்சினையே பிளக்க நேரும்.

கிராங்க் வேலையையும் வீட்டிலேயே செய்யலாமா?

சோதிப்பது வீட்டில், வேலை பட்டறையில். கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் அசைத்தால் துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் சற்று நகர்வது இயல்பு. இந்தக் கிராங்க் அழுத்திப் பொருத்தப்பட்டது என்பதால், ராடு மாற்ற ஹைட்ராலிக் பிரஸ்ஸும், மாற்றிய பின் இரு முனைகளும் கோணாமல் சுற்றுகின்றனவா என்று டயல் கேஜில் பார்க்கும் கையும் வேண்டும். அந்தக் கடைசிச் சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

புகை ரொம்ப வருது. ஆயில் அதிகமாப் போகுதுன்னு மெக்கானிக் சொல்றார்.

சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால், 2டி ஆயிலைக் குறைப்பதற்கு முன் கியர் ஆயிலை அளந்து பாருங்கள். கிராங்க்கின் வலப்பக்கம், கிளட்ச் அறைக்கும் கிராங்க் அறைக்கும் நடுவே ஓர் ஆயில் சீல் இருக்கிறது. அது காய்ந்து இறுகியிருந்தால், பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு முறையும் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு எரியும். வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமல் கியர் ஆயில் குறைந்துகொண்டே வருவதுதான் இதற்கு அடையாளம்.

இடப்பக்கம் மேக்னெட்டுக்குப் பின்னால் உள்ள சீல் கெட்டால் விளைவு வேறு. அதன் வழியே காற்று புகுந்து பெட்ரோல் கலவை மெலிந்து, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். முதலாவது பர்ஸைக் கரைக்கும். இரண்டாவது பிஸ்டனையே உருக்கும். பத்தாண்டு நின்ற வண்டியில் இரண்டு சீலையும் கேட்காமலே மாற்றிவிடுங்கள். "அளந்து மாற்றுங்கள்" என்று மேலே சொன்னதற்கு ரப்பர் விதிவிலக்கு.

ஆயில் பம்ப்பைக் கழட்டிட்டு பெட்ரோல்லயே கலந்து ஓட்டச் சொல்றாங்க. எது நல்லது?

பம்ப் வேலை செய்தால் அதை வைத்துக்கொள்வதே என் முடிவு. ஆட்டோலூப் என்ற அந்த ஏற்பாடு, எஞ்சின் சுற்றும் வேகத்தையும் நீங்கள் ஆக்ஸிலரேட்டரைத் திருகும் அளவையும் பொறுத்து ஆயிலைக் கூட்டிக் குறைத்து அனுப்புகிறது. கையால் கலந்தால் எப்போதும் ஒரே அளவுதான். பம்ப்பை மறுபடி இணைத்ததும் அதன் பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்திக் காற்றுக் குமிழி முழுவதும் வெளியேறும்வரை ஆயிலை ஓட விடுங்கள். பம்ப்பின் கேபிளையும் அதற்கான குறிக்கு நேராக நிறுத்துங்கள். முதல் டேங்க் பெட்ரோலில் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் ஆயிலைக் கலந்தே ஊற்றுங்கள்.

பம்ப் இல்லாமல் கைக்கு வந்த வண்டி என்றால் லிட்டருக்கு 25 மி.லி. போதும், புதுப் போருக்கு 40 மி.லி. வரை போகலாம். அதற்கு மேல் ஊற்றினால் நல்லது என்று நினைப்பது தவறு. ஆயில் கூடினால் அதே அளவு கலவையில் பெட்ரோல் குறைகிறது. பிளக்கும் சைலன்சரும் கரி பிடித்து அடைகின்றன.

டேங்க்குக்குள்ள ஒரே துரு. எப்படி எடுக்கறது?

பெட்ரோல் டேப்பைக் கழற்றித் துளையை அடையுங்கள். ஒரு கைப்பிடி சிறு நட்டுகளையோ ஒரு துண்டுப் பழைய செயினையோ உள்ளே போட்டுக் குலுக்கினால் பொருக்குத் துரு உதிரும். பிறகு சிட்ரிக் ஆசிட் பொடியை வெந்நீரில் கரைத்து நிரப்பி ஓரிரவு விடுங்கள். கொட்டியதும் ஆப்பச்சோடா கரைசலால் அலசி, நீரால் கழுவி, உடனே வெயிலிலோ வெப்பக்காற்றிலோ உலர்த்த வேண்டும். ஒரு மணி நேரம் ஈரமாக விட்டாலும் செம்மஞ்சள் துரு மறுபடி படியும். உலர்ந்ததும் பெட்ரோலில் 2டி ஆயிலைக் கலந்து உட்புறம் முழுதும் படும்படி சுழற்றுங்கள்.

ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலியான டேங்க்குக்குள் நிற்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். பல நாள் திறந்து கிடந்த டேங்க்கும் இதில் சேர்ந்ததுதான்.

இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் இந்த வண்டிக்கு ஒத்துக்குமா?

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை எண்ணி இந்த வண்டி வடிவமைக்கப்படவில்லை. ஆனாலும் ஓட்ட முடியும். எத்தனால் பழைய ரப்பரை ஊதவோ இறுகவோ செய்கிறது. காற்றின் ஈரத்தையும் ஈர்க்கிறது. ஆகவே பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்புரேட்டர் ஓ-ரிங் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுங்கள். எத்தனாலில் ஏற்கனவே ஆக்சிஜன் இருப்பதால் கலவை சற்று மெலிகிறது. பிளக் வெளுத்துத் தெரிந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணம் காலியாகும்வரை எஞ்சினை ஓட விட்டு அணையுங்கள்.

பெயின்ட் அடிக்கணுமா? குரோம் புதுசா போடணுமா?

அசல் பெயின்ட் எண்பது சதவீதம் இருந்தால் அதைத் தொடாதீர்கள் என்பதே நான் மனதாரச் சொல்வது. கீறலோடு நிற்கும் மயில் நீல டேங்க்கை, பளபளக்கும் புது டேங்க்கால் ஈடு செய்ய முடியாது. எங்கள் டேங்க்கில் அப்பாவின் முழங்கால் தேய்ந்து மங்கிய இரண்டு இடங்கள் இருக்கின்றன. மெருகு போட்டேனே தவிர, மேலே ஒரு கோட் அடிக்கவில்லை. பெயின்ட் அடித்தே தீர வேண்டும் என்றால் ஆர்.சி.யில் உள்ள நிறத்தையே அடியுங்கள். நிறம் மாறினால் அதையும் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.

குரோமில் மேலோட்டமான துருவை, அலுமினியத் தாளை நீரில் நனைத்துத் தேய்த்தே எடுக்கலாம். அடிவரை அரித்திருந்தால் பிளேட்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். அந்த ரசாயனங்கள் வீட்டில் கையாளத் தக்கவை அல்ல.

135 பிளாக் போட்டா பிக்கப் இன்னும் வரும்ல?

வரும். ஆர்எக்ஸ் 135-க்கும் ஸ்ட்ரோக் அதே 50 மி.மீ.; விட்டம் மட்டும் 58. ஆனால் சிசி மாறினால் அது ஆர்.சி.யில் இருப்பதற்கு முரணான மாற்றம். காப்பீட்டுக் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம். 100-க்கென்று வடித்த டிரம் பிரேக்கும் மெல்லிய டயரும் அப்படியே இருக்கும். பிக்கப் குறைவு என்று நினைப்பவர்கள் முதலில் சைலன்சரின் உள்குழாயை உருவிக் கரியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அங்கேயே தேடியது கிடைத்துவிடுகிறது.

ஒரிஜினல் ஸ்பேர் எங்கே கிடைக்கும்?

சென்னை என்றால் புதிய பாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையவற்றுக்குப் புதுப்பேட்டை. மற்ற ஊர்களில், மூடிய பழைய டீலர்களின் கிடங்குச் சரக்கு இன்னும் சில கடைகளில் தூங்குகிறது. கடைக்காரரின் வயதைப் பார்த்துக் கேளுங்கள். அசல் என்று சொல்லி விற்கப்படும் நகல்கள் ஏராளம். பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் எடை, வார்ப்பின் வழவழப்பு, எழுத்தின் கூர்மை ஆகியவற்றை அருகருகே வைத்துப் பாருங்கள். எஞ்சினோ சேசிஸோ புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைத்தால், அதற்கான தாள் இல்லாமல் வாங்காதீர்கள்.

புது போரை எப்படி ஓட்டிப் பழக்கணும்? மலைப்பாதையில போகலாமா?

முதல் நாள் ஸ்டார்ட் செய்து, சிலிண்டரின் வெளிப்புறத் தகடுகளான ஃபின்கள் கை பொறுக்காத சூட்டுக்கு வந்ததும் அணைத்து முழுக்க ஆற விடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை செய்தபின் சாலைக்குக் கொண்டு போங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குப் பாதிக்கு மேல் திருகாதீர்கள். ஒரே வேகத்தில் நெடுநேரமும் ஓட்டாதீர்கள்.

மலையில் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டுகிறவர், ஏற்காட்டிலிருந்து ஆக்ஸிலரேட்டரை மூடி கியரிலேயே இறங்கினால், எஞ்சின் வேகமாகச் சுற்றும். ஆனால் பெட்ரோல் வராததால் ஆயிலும் வராது. அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஒரு திருகு கொடுத்துக்கொண்டே இறங்க வேண்டும்.

எல்லாம் முடிச்சுட்டேன். ஆனா ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்க மாட்டேங்குது. கார்புரேட்டர் மூணு தடவை கழுவியாச்சு.

ஆக்ஸிலரேட்டர் கேபிள் எங்கும் சிக்கவில்லை, கார்புரேட்டருக்குள் அது தூக்கும் ஸ்லைடு தடையின்றி இறங்குகிறது என்று உறுதி செய்துகொண்டால், நான்காவது முறை கழுவ வேண்டியதில்லை. எங்கோ காற்று புகுகிறது. எஞ்சின் ஓடும்போது கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவேயுள்ள ரப்பர் இணைப்பைச் சுற்றிக் கார்புரேட்டர் கிளீனரைத் துளித்துளியாகத் தெளியுங்கள். சைலன்சர் சூடாக இருக்கும் என்பதால் அந்தப் பக்கம் படக் கூடாது. ரேஸ் மாறினால் அந்த இடத்தில்தான் ஓட்டை. மாறாவிட்டால் சிலிண்டருக்கு அடியிலுள்ள பேஸ் கேஸ்கட்டையும், பிறகு முன்பே சொன்ன மேக்னெட் பக்கச் சீலையும் சந்தேகிக்க வேண்டும்.

உறுதியாகத் தெரிய, எக்ஸாஸ்ட் துளையையும் இன்டேக் துளையையும் ரப்பரால் அடைத்து, பிளக் துளை வழியாகச் சைக்கிள் பம்ப்பால் ஆறு பி.எஸ்.ஐ. அளவுக்கு மட்டும் காற்றை ஏற்றி, அழுத்தமானியைப் பாருங்கள். முள் சில நிமிடங்கள் அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்பு நீரைத் தடவிக்கொண்டே போங்கள். எனக்கு மூன்று வாரம் பிடிபடாத கசிவு, மேக்னெட்டைக் கழற்றிச் சோப்பு நீரை விட்டதும், சீலின் ஓரத்தில் கடுகளவுக் குமிழிகளாக வரிசையாகக் கிளம்பியது.